வேளாண்மை படிக்கும் பிள்ளைகள் வயலுக்கு வர மறுப்பது ஏன்?

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் தேர்ச்சி பெற்ற தம் மகள் பி.எஸ்சி. வேளாண்மையில் சேர ஆசைப்படுவதாக ஒரு தந்தை எழுதியிருக்கிறார். "அங்கே படிக்கிற பிள்ளைகள் யாரும் விவசாயத்துக்கு வருவதில்லை, எல்லாரும் பேங்க் வேலைக்கும் அரசு வேலைக்கும்தான் போகிறார்கள், அப்புறம் எதற்கு அந்தப் படிப்பு" என்று உறவினர்கள் தடுக்கிறார்களாம். அம்மாணவர்களின் மனநிலை உண்மையில் என்ன என்பது அவர் கேள்வி. ஆராய்ச்சி முடிவுகளை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் துறையான வேளாண் விரிவாக்கக் கல்வியைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் இதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உறவினர்கள் சொல்லும் செய்தியில் பெரும்பகுதி உண்மை. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறு. நான் அறிந்த வரையில் வேளாண் மாணவர்களுக்கு வேளாண்மைமீது வெறுப்பு கிடையாது. சொந்தப் பெயரில் நிலமும், கையில் முதலும், எந்தப் பயிரை எப்போது வைப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் இல்லாமல் உழவராவதையே அவர்கள் மறுக்கிறார்கள். அவர்களில் பலர் விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள்; தங்கள் வீட்டு வரவு செலவைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர்கள். அந்த மறுப்பை நகர மோகம் என்றோ உடல் வணங்காத தலைமுறை என்றோ பேசித் தள்ளிவிடுவது அநியாயம்.

முதலில் இந்த மனப்பான்மையை எப்படி அளக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பத்தின் பாதி அங்கேதான் தொடங்குகிறது. வேளாண் கல்லூரிகளின் விரிவாக்கத் துறைகளில் இது முதுகலை ஆய்வுகளுக்கு மிகவும் பழகிய தலைப்பு. "விவசாயம் உன்னதமான தொழில்", "படித்தவர்கள் விவசாயத்துக்கு வர வேண்டும்" என்பன போன்ற வாக்கியங்களைக் கொடுத்து, முழுமையாக ஏற்கிறேன் என்பதில் தொடங்கி முழுமையாக மறுக்கிறேன் என்பது வரை ஐந்து நிலைகளில் ஒன்றைக் குறிக்கச் சொல்வார்கள். லைக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1932இல் வகுத்த முறை இது. இப்படிக் கேட்டால் எந்த மாணவர் 'உன்னதம் இல்லை' என்று குறிப்பார்? உழவை வணங்கிப் பேசும் மரபில் வளர்ந்தவர், வேளாண் கல்லூரி வகுப்பறையில் உட்கார்ந்துகொண்டு, தம் ஆசிரியரே நீட்டும் தாளில் மறுப்பை எழுதுவது அரிது. விளைவாக மனப்பான்மை 'சாதகமானது' என்று முடிவு வரும். அதே மாணவர் அன்று மாலையே வங்கித் தேர்வுக்கான கோச்சிங் வகுப்பில் உட்கார்ந்திருப்பார். இரண்டும் பொய்யில்லை.

இந்த முரணை விளக்க அஜ்சென் என்ற உளவியலாளர் 1991இல் விரிவாக எழுதிய கோட்பாடு உதவுகிறது. ஒரு செயலின்மீது நமக்குள்ள விருப்பம் மட்டுமே நம்மைச் செயலில் இறக்கிவிடாது. நமக்கு வேண்டியவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதும், அதைச் செய்து முடிக்கும் அதிகாரமும் வசதியும் நம் கையில் இருப்பதாக நாம் நம்புகிறோமா என்பதும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன என்கிறது அது. நம் மாணவர்களிடம் முதலாவது நிறைய இருக்கிறது. இரண்டாவது அவர்களுக்கு எதிராக நிற்கிறது. மூன்றாவது ஏறக்குறைய இல்லை.

பொதுவான கிராமப்புற இளைஞர்களின் நிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புறப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட 2017ஆம் ஆண்டின் அசர் என்ற கல்வி நிலை ஆய்வில், எதிர்காலத்தில் விவசாயியாக விரும்புவதாகச் சொன்னவர்கள் 1.2 சதவீதம் மட்டுமே. ஏற்கெனவே விவசாயம் செய்துகொண்டிருந்த குடும்பங்களிடம் 2003இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் கேட்டபோது, வேறு வாய்ப்பு இருந்தால் இந்தத் தொழிலை விட்டுவிடுவோம் என்று சுமார் 40 சதவீதத்தினர் சொன்னார்கள். தகப்பனே விட்டுவிட நினைக்கும் தொழிலை மகன் ஏன் எடுக்கவில்லை என்று கல்லூரியைக் கேட்பது பொருத்தமாக இல்லை.

இனி, இந்தப் படிப்பில் சேர்பவர்கள் யார் என்பதைப் பார்ப்போம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் வேர் 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியில் இருக்கிறது. அது 1906இல் கோவைக்கு இடம்பெயர்ந்து கல்லூரியாகி, 1971இல் பல்கலைக்கழகமாயிற்று. நெடுங்காலம் அதன் பட்டதாரிகள் வேளாண் துறை அலுவலர்களாகவும் ஆராய்ச்சியாளர்களாகவுமே போனார்கள்; படித்துவிட்டு ஏர் பிடிப்பார்கள் என்று அன்றைக்கும் எவரும் எதிர்பார்க்கவில்லை. இன்றைக்கு மதுரை, கிள்ளிகுளம், திருச்சி, பெரியகுளம், குடுமியான்மலை, ஈச்சங்கோட்டை, வாழவச்சனூர் என்று உறுப்புக் கல்லூரிகள் பரவிக்கிடக்கின்றன. தனியார் இணைப்புக் கல்லூரிகளும், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலமும் இருக்கின்றன. சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. எனவே நீட் தேர்வில் மருத்துவ இடம் கிடைக்காத உயிரியல் மாணவர்கள் பெருமளவில் இங்கே வருகிறார்கள். முதலாண்டு வகுப்பில் நுழைந்து ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால், கண்ணை உயர்த்தாமல் "மெடிக்கல் கிடைக்கலை சார்" என்பவர்களின் குரலே முதலில் வரும். இவர்களை 'விருப்பமில்லாமல் வந்தவர்கள்' என்று முத்திரை குத்துவதை நான் எப்போதும் எதிர்த்திருக்கிறேன். பதினேழு வயதில் எந்தத் துறையின்மீதும் தெளிந்த விருப்பம் இருப்பது அபூர்வம். அது படிக்கப் படிக்க உண்டாகிறது.

உண்டாகவும் செய்கிறது. பயிர் சாகுபடிச் செய்முறை என்ற பாடத்தில் மாணவர்களுக்குத் துண்டு நிலம் ஒதுக்கப்படும். பாத்தி கட்டுவது, நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது, அறுவடை வரை அவர்கள் வேலை. சேற்றில் முதல்முறை கால் வைக்கும் நகரத்துப் பிள்ளை ஒரு மாதத்தில் காலையில் விடுதியிலிருந்து நேராகத் தன் பாத்திக்குப் போய்த் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். பக்கத்துப் பாத்தியைவிடத் தன் பயிர் வெளிறியிருந்தால் அவர்களுக்குத் தூக்கம் வராது. தழைச்சத்துப் பற்றாக்குறையா, துத்தநாகக் குறையா என்று இலையைப் பறித்துக்கொண்டு உழவியல் ஆசிரியரைத் தேடி ஓடுவார்கள். விருப்பம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

மனம் உண்மையில் திரும்பும் இடம் இறுதியாண்டில் வரும் கிராமத் தங்கல் பயிற்சி. மாணவர்கள் அதை ராவே என்பார்கள். குழுவாக ஒரு வட்டாரத்தில் தங்கி, ஊரின் வள வரைபடம் வரைந்து, விதை நேர்த்தி, மஞ்சள் ஒட்டும் அட்டை, தென்னைக்கு வேர்மூலம் ஊட்டம் செலுத்துவது போன்றவற்றைச் செய்துகாட்ட வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் அதிகம்; 2018இல் படைப்புழு புகுந்து அங்கே பெருஞ்சேதம் செய்தது. அப்படி ஒரு மக்காச்சோளக் காட்டில் ஒரு மாணவி, ஆண் அந்துப்பூச்சிகளை வாசனையால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை நட்டு, ஏக்கருக்கு எத்தனை பொறி, எத்தனை நாளுக்கொருமுறை மருந்துக் குப்பியை மாற்ற வேண்டும் என்று அழகாக விளக்கினாள். பெரியவர் ஒருவர் வரப்பில் குந்தியபடியே முழுவதையும் கேட்டார். கடைசியில், "எல்லாம் நல்லா சொன்னம்மா. சோளம் என்ன விலைக்கு எடுப்பாங்கன்னு சொல்லு, அத வச்சி நான் பொறி வைக்கிறதா வேணாமான்னு முடிவு பண்றேன்" என்றார். அவளிடம் பதில் இல்லை. அந்த விலை நாமக்கல் கோழித் தீவன ஆலைகளின் தேவையிலும் வெளிமாநில வரத்திலும் நிர்ணயமாகிறது. பொறியில் விழும் அந்துப்பூச்சியின் எண்ணிக்கைக்கு அதில் பங்கில்லை. அன்றிரவு நாட்குறிப்பில் அவள் எழுதியிருந்ததன் சாரம், இந்தத் தொழிலில் விவசாயியின் கையில் இருப்பது பாதி மட்டும்தான் என்பது. ராவே முடிந்து திரும்பும் மாணவர்களிடம் விவசாயிகள்மீது மரியாதை கூடியிருக்கும். தாங்கள் விவசாயி ஆகலாம் என்ற எண்ணம் குறைந்திருக்கும். இரண்டும் ஒரே அனுபவத்தில் நடப்பதைக் கவனிக்க வேண்டும்.

அவர்கள் போடும் கணக்கைப் பார்ப்போம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. அந்த நிலம் முழுவதும் நெல் வைத்து, ஏக்கருக்கு நாற்பது கிலோ மூட்டை அறுபது என்று நல்ல விளைச்சலே வந்ததாகக் கொள்வோம். 2025-26 பருவத்தில் அரசின் ஊக்கத்தொகை சேர்த்துப் பொது ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். மொத்த வரவு 1 லட்சத்து 11 ஆயிரம் ரூபாய். உழவு, நடவு, உரம், மருந்து, களை, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 35,000 ரூபாய் என்று அடக்கமாகவே வைத்தாலும் 65,000 ரூபாய் போய்விடும். மிச்சம் 46,000. நாற்றங்கால் முதல் களம் வரை ஐந்து மாதம். மாதத்துக்கு 9,000 ரூபாய்ச் சொச்சம். மழை தவறினாலும், கொள்முதல் நிலையத்தில் நெல் நனைந்தாலும் அதுவும் இல்லை. மறுபக்கம், வேளாண்மை அலுவலர் பணிக்கு அடிப்படை ஊதியமே 37,700 ரூபாயில் தொடங்குகிறது. நாட்டளவிலும் படம் வேறாக இல்லை: 2018-19இல் ஒரு வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய், அதில் பயிர் சாகுபடியால் வந்தது 3,798 ரூபாய் மட்டும், கூலியால் வந்தது அதைவிட அதிகம். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளைக்கு நாம் நான்காண்டுகள் வேளாண் பொருளாதாரமும் கற்றுக்கொடுக்கிறோம். பிறகு அது வேறு எந்த முடிவுக்கு வரும்?

இலாபக் குறைவைவிட, எல்லாம் ஒரே இரவில் போய்விடலாம் என்ற அச்சம் பெரிது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கரைகடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் காய்ப்பில் இருந்த தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. தென்னை வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். அந்த ஊர்களிலிருந்து அப்போது கல்லூரிக்கு வந்திருந்த பிள்ளைகள், தாத்தா நட்ட மரங்கள் கிடையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். மாதச் சம்பளம் வேண்டும் என்று அவர்கள் சொல்வதில் பேராசை எதுவும் இல்லை.

அடுத்தது குடும்பமும் ஊரும். இதை மென்று விழுங்காமல் சொல்லிவிடலாம்: விவசாயம் பார்க்கும் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க இன்று ஊரில் பெரும்பாலோர் தயங்குகிறார்கள். பத்து ஏக்கர் தோட்டம் உள்ள வீட்டிலும் "பையன் என்ன பண்றான்?" என்ற கேள்விக்கு "தோட்டத்தைப் பார்த்துக்கிறான்" என்ற பதில் போதுவதில்லை. பட்டம் வாங்கிய மகன் ஊரில் தங்கினால், வேலை கிடைக்காமல் வந்துவிட்டான் என்றே பேச்சு எழும். தங்கள் காலத்தில் விதைத்து அறுத்து, கடன்பட்டுப் படிக்கவைத்த பெற்றோரே "நாங்க பட்டது போதும், நீயாவது நிழல்ல உட்காரு" என்கிறார்கள். இருபத்தொரு வயதுப் பிள்ளை இந்த மூன்று குரல்களையும் மீறி வயலில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

கேள்வி கேட்டவருக்கு மகள் என்பதால் இதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இப்போது வேளாண் கல்லூரி வகுப்புகளில் பெண்கள் பெருந்தொகையாக இருக்கிறார்கள். பல வகுப்புகளில் முதல் மதிப்பெண்ணும் அவர்களுடையதே. ஆனால் 2015-16 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பெயரில் நடக்கும் நிலவுடைமைகள் சுமார் 14 சதவீதம். தமிழ்நாடு 1989லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சமபங்கு கொடுத்தது; நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும், பாகப்பிரிவினையின்போது மகளுக்கு நகையும் மகனுக்கு நிலமும் என்பதே வீடுகளின் நடைமுறை. எனவே ஒரு மாணவியிடம் 'விவசாயம் செய்வாயா' என்று கேட்கும்போது, யாருடைய நிலத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தகப்பன் நிலம் அண்ணனுக்குப் போகும்; கணவன் வீட்டு நிலத்தில் முடிவு மாமனாருடையது. அவளுக்கு அரசுப் பணித் தேர்வே தன் பெயரில் கிடைக்கக்கூடிய ஒரே சொத்தாகத் தெரிகிறது.

நிலமே இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளைப் பற்றி நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 20 சதவீதம் பட்டியல் சாதியினர். நிலத்தில் அவர்களின் பங்கு அதைவிட மிகக் குறைவு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் கொடுத்த 7.5 சதவீத இடஒதுக்கீட்டை 2021இல் வேளாண்மை, பொறியியல், கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிவாக்கிய பின், கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் கூடுதலாக உள்ளே வந்திருக்கிறார்கள். இது மிக நல்ல செய்தி. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வயல் என்றால் அடுத்தவர் வயல். தலைமுறை தலைமுறையாக அங்கே கூலிக்குக் குனிந்த குடும்பம், முதல் பட்டதாரியை உருவாக்கியது நிமிர்வதற்காக. மண்ணுக்குத் திரும்பு என்ற அறைகூவலை அந்த மாணவரிடம் வைப்பதற்கு எனக்கு வாய் வந்ததில்லை. அவர் வட்டார வேளாண்மை அலுவலராகத் தன் பக்கத்து ஊருக்கு வந்து நாற்காலியில் உட்கார்வது, அந்த ஊருக்கே ஒரு பாடம்.

ஆக, பட்டம் முடித்தவர்கள் எங்கே போகிறார்கள்? அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் வேளாண்மை அலுவலர், தோட்டக்கலை அலுவலர் தேர்வுகளுக்குப் பலர் காத்திருக்கிறார்கள். அறிவிப்புகள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை என்பதால் அந்தக் காத்திருப்பே சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளைத் தின்றுவிடுகிறது. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணி, நபார்டு என்ற ஊரக வளர்ச்சி வங்கி, இந்திய உணவுக் கழகம், குடிமைப் பணித் தேர்வு என்று இன்னொரு கூட்டம். நன்றாகப் படிப்பவர்கள் ஐ.சி.ஏ.ஆர். எனப்படும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதுகலை நுழைவுத் தேர்வெழுதி, டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் முதலான இடங்களில் முதுகலைக்குப் போகிறார்கள். கும்பகோணத்தில் பிறந்து கோவையில் வேளாண்மை படித்த எம்.எஸ். சுவாமிநாதனும் இளவயதில் இந்தியக் காவல் பணித் தேர்வில் தேறியவர்தான். நெதர்லாந்தில் மரபியல் ஆய்வுக்கு உதவித்தொகை கிடைத்ததால் அதைத் தேர்ந்துகொண்டார். ஆராய்ச்சிக்கு வழி திறந்திருந்தால் திறமை துறைக்குள்ளேயே நிற்கும் என்பதற்கு அவர் சான்று. அவர் தலைமையில் 2004இல் அமைந்த தேசிய உழவர் ஆணையம், இளைஞர்களை வேளாண்மைக்கு ஈர்ப்பதையும் அங்கே நிலைக்கவைப்பதையும் தன் நோக்கங்களில் ஒன்றாகவே வைத்திருந்தது.

தனியார் துறை பற்றி மாணவர்களின் கருத்து கலவையானது. விதை, உரம், பூச்சிமருந்து நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுக்கின்றன. வேலை பெரும்பாலும் விற்பனை: இருசக்கர வாகனத்தில் டீலர் டீலராகச் சுற்றி மாத டார்கெட்டை முடிக்க வேண்டும். தேவைக்குமேல் மருந்தடிக்காதே என்று வகுப்பில் படித்தவர், வெளியே வந்து மருந்தின் விற்பனை அளவால் மதிப்பிடப்படுகிறார். இந்த நெருடலைப் பல பழைய மாணவர்கள் என்னிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். களப்பணிக்குப் பெண்களை எடுக்க நிறுவனங்கள் தயங்குவதும் தொடர்கிறது. சிலர் சொந்தமாக உரக்கடை வைக்கிறார்கள். பூச்சிமருந்து விற்பனை உரிமத்துக்கு வேளாண்மை, வேதியியல் போன்ற கல்வித் தகுதி வேண்டும் என்று விதி வந்துவிட்டதால் பட்டத்துக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. விவசாயி நோய் தாக்கிய இலையைக் கொண்டுவந்து காட்டும் முதல் இடம் பெரும்பாலும் உரக்கடைதான். அந்த மேசைக்குப் பின்னால் படித்த ஒருவர் இருப்பது நல்லதே, அவர் 'இதற்கு மருந்து தேவையில்லை' என்று சொல்லும் துணிவோடு இருந்தால்.

திரும்பி வருபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நெல் வயலுக்கு அல்ல. நான் பார்த்தவரை அவர்கள் தேர்ந்தெடுப்பது நாற்றுப் பண்ணை, வீரிய விதை உற்பத்தி, ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில் மலர்கள், காளான், மதிப்புக்கூட்டல் ஆகியவற்றையே. குழித்தட்டு நாற்றுப் பண்ணையை எடுத்துக்கொள்வோம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திண்டுக்கல் வட்டாரங்களில் தக்காளி, மிளகாய், கத்தரி வைப்பவர்கள் இப்போது பெரும்பாலும் சொந்தமாக நாற்று விடுவதில்லை. இருபத்தைந்து சென்ட் நிலத்தில் நிழல்வலை போட்டு, 98 குழிகள் கொண்ட தட்டுகளில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை வைத்தால் தக்காளி நாற்று 25 நாளில் தயார். விவசாயி முன்பணம் கொடுத்து ரகத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார். விலைச் சரிவும் மழைப் பொய்ப்பும் நாற்று விற்பவரை அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஆனால் முளைப்புத்திறன் குறைந்தாலோ நாற்றழுகல் வந்தாலோ முழுப் பொறுப்பும் அவர் தலையில் விழும். அங்கேதான் பட்டம் பேசுகிறது: நார்க்கழிவின் உப்புத்தன்மையைச் சோதிப்பது, நாற்றழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சையைக் கலப்பது, சாறுறிஞ்சும் பூச்சி நுழையாமல் வலையின் கண் அளவைத் தேர்வது எல்லாம் வகுப்பில் படித்தவையே. குறைந்த நிலம், முன்கூட்டியே தெரியும் விற்பனை, அறிவுக்குக் கிடைக்கும் தனி விலை ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் பட்டதாரிகள் தயங்காமல் இறங்குகிறார்கள். மனப்பான்மையை மாற்ற எந்தப் பிரச்சாரமும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அரசுகள் இதை உணராமல் இல்லை. வேளாண் பட்டதாரிகள் சொந்தத் தொழில் தொடங்க உதவும், 2002இல் தொடங்கிய வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டத்தில், ஐதராபாத்தில் உள்ள மேனேஜ் என்ற தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனத்தின் வழியாக 45 நாள் இலவசப் பயிற்சி உண்டு. தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு 36 சதவீத மானியம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 44 சதவீதம். ஐ.சி.ஏ.ஆர். 2015-16இல் இளைஞர்களுக்கென ஆர்யா திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில், பட்டதாரிகளைக் கொண்டு 1,000 உழவர் நல சேவை மையங்களை 30 சதவீத மானியத்துடன் அமைக்கும் அறிவிப்பு வந்தது. விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் முதன்மைச் செயல் அலுவலர் என்ற பணியிடமும் உருவாகியிருக்கிறது. தொடக்க ஆண்டுகளுக்கு அந்தச் சம்பளத்துக்கு மத்திய அரசு உதவுகிறது. இவை எல்லாம் வரவேற்க வேண்டியவை. ஆனால் மாணவர் வங்கிக்குள் நுழைந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி "பட்டா யார் பேரில் இருக்கு?" என்பதுதான். பிணையில்லாத வேளாண் கடனின் வரம்பு 2025 ஜனவரியில் 2 லட்சமாக உயர்ந்தும், ஒரு பசுமைக்குடிலின் செலவுக்கு அது எட்டாது.

நிலம் இல்லாதவர் குத்தகைக்கு எடுக்கலாமே என்பீர்கள். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உழுபவரை வெளியேற்றத்திலிருந்து காக்க வந்தது. அதன் தேவை அன்றைக்கு மிக உண்மையானது. இன்று அதே சட்டத்துக்கு அஞ்சி, எழுத்தில் குத்தகை தர உரிமையாளர்கள் மறுக்கிறார்கள். வாய்மொழிக் குத்தகையில் நிலம் பிடிக்கும் இளைஞருக்குப் பயிர்க்கடனும் மானியமும் காப்பீடும் எளிதில் கிடைப்பதில்லை. ஐந்தாண்டு முதலீடு போட்ட சொட்டுநீர்க் குழாயை அடுத்த ஆண்டே பிடுங்கச் சொன்னால் கேட்க நாதி இல்லை. உரிமையாளர் நிலத்தை இழக்க மாட்டார், குத்தகைதாரர் குறிப்பிட்ட காலம்வரை அசைக்கப்பட மாட்டார் என்ற உறுதியைப் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தத்தால் கொடுக்க முடிந்தால், இப்போது தரிசாகக் கிடக்கும் எத்தனையோ நிலங்களுக்குப் பட்டதாரிகள் போவார்கள் என்பது என் உறுதியான கருத்து. நூறு ஊக்கப் பேச்சுகளைவிட அந்த ஒரு மாற்றம் பயன் தரும்.

எனவே அந்தத் தந்தைக்கு நான் சொல்வது: மகளைத் தாராளமாகச் சேருங்கள். ஆனால் கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன், அதற்கு ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லையென்றால் பின்னாளில் அவள் ஐ.சி.ஏ.ஆர். நுழைவுத் தேர்வு வழியாகத் தேசிய நிறுவனங்களில் முதுகலை சேர்வதில் தடை வரும். தனியார் கல்லூரி என்றால் பண்ணை நிலம் எங்கே, எவ்வளவு, அதில் மாணவர்கள் உண்மையில் பயிர் செய்கிறார்களா என்று நேரில் போய், இரண்டாம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள், அலுவலகத்தில் கேட்காதீர்கள். அரசுக் கல்லூரியில் ஊர் தள்ளி இடம் கிடைத்தாலும், வீட்டுக்கு அருகில் உள்ள அதிகக் கட்டணக் கல்லூரியைவிட அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

உங்களுக்கு நிலம் இருக்குமானால், அவள் மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது ஐம்பது சென்ட்டையாவது முழுமையாக அவள் பொறுப்பில் விடுங்கள். என்ன பயிர், எந்த விதை, யாரிடம் விற்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும். கணக்கையும் அவளே எழுதட்டும். முதல் பருவத்தில் நட்டம் வந்தால் உறவினர்கள் முன்னிலையில் அதைப் பேசாதீர்கள். நிலம் இல்லையென்றால், படிப்பு முடிந்ததும் வேளாண் வணிக மையத் திட்டத்தின் அந்த 45 நாள் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெண் என்பதால் 44 சதவீத மானியத்துக்கு அவள் தகுதியானவள். இதையெல்லாம் பார்த்த பிறகும் அவள் வங்கித் தேர்வு எழுதுகிறேன் என்றால் எழுதட்டும். விவசாயக் கடன் விண்ணப்பத்தைப் பயிர் தெரிந்த ஒருவர் படிப்பதற்கும் தெரியாத ஒருவர் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, கடன் கேட்டு வங்கி வாசலில் நின்ற எந்த விவசாயியும் அறிவார்.